அம்மாவின் பெயருக்குப் பின்னால் அச்சாகி வந்த ‘நல்’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக இளைஞர்கள் நிரலாக்கம் கற்றால் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் வீட்டிலிருந்தே தொழில் பார்க்கலாம் என்று தங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதப்படுவதை நான் விருப்பத்தோடு வாசித்து வருகிறேன். ஹட்டனுக்கு அருகே பெற்றோர் வாழும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்தபடியே ஆறு ஆண்டுகளாக மென்பொருள் பொறியியலாளராகப் பணிபுரிபவள் என்ற வகையில் அந்தக் கருத்தை மறுக்கவும் எனக்கு மனம் வராது. ஆயினும் அவ்வாறு எழுதுவோர் புதிய செயலிகளை உருவாக்குவதைப் பற்றி மட்டுமே பேசுவதும், ஏற்கெனவே உலகெங்கும் பயன்பாட்டிலுள்ள, எவரும் வாசித்துத் திருத்தம் முன்வைக்கக்கூடிய திறந்த மூல நிரல்களைச் சீர்செய்யும் வேலையை ஒரு வேலையாகவே கருதாமல் விடுவதும் எனக்குக் குறையாகப் படுகிறது. அவ்வகை வேலைகளுள் மிகச் சிறியதும், செய்பவருக்குப் பெரிதாகப் பெயர் வாங்கித் தராததுமான ஒன்றைப் பற்றி, அதாவது நிரலாளர்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதியான ஒரு மென்பொருள் நூலகத்தினுள் ‘இந்த இடத்தில் மதிப்பு இல்லாமலும் போகலாம்’ என்று குறிப்பு எழுதி வைக்கும் வேலையைப் பற்றி, சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இது எங்கள் வீட்டில் ஒரு கடிதத்தால் தொடங்கியது. அம்மா பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்து வந்த ஒரு நிதி நிறுவனத்திலிருந்து, அவருடைய வைப்பு முதிர்ந்துவிட்டதாகவும் பதினான்கு நாட்களுக்குள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றும் கடிதம் வந்தது. எங்கள் லயங்களுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தபால் எல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் மொத்தமாக வந்து சேரும். எங்கள் டிவிஷனில் அம்மாவின் பெயரிலேயே இன்னும் இரண்டு பெண்கள் இருப்பதால், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கணவர் பெயரையோ தகப்பன் பெயரையோ பார்த்துத்தான் கடிதம் இன்னாருக்கு என்று பிரிப்பார்கள். அந்த உறையில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் என், யூ, எல், எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் அச்சாகி இருந்தன. அப்படியொரு பெயருடைய ஆண் எவரும் டிவிஷனில் இல்லாததால் கடிதம் ஆபிஸ் ஜன்னல் திண்டிலேயே பதினொரு நாள் கிடந்திருக்கிறது. சம்பள நாளன்று அம்மா அந்தப் பக்கம் போனபோது கிளாக்கர் ஐயா அதை எடுத்துக் காட்டி, “ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு பேரு நல்லுவா?” என்று கேட்டாராம். அப்பாவின் பெயர் நல்லு அல்ல. மூன்று நாட்களே மிச்சம் இருக்கையில் நாங்கள் ஓடிப்போய்க் கையொப்பமிட்டோம்.

‘நல்’ என்பது தமிழில் எழுதிப் பார்த்தால் நன்மையைக் குறிக்கும் சொல்லைப்போலத் தோன்றினாலும், கணினி மொழிகளில் அது ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதற்கான அடையாளம் ஆகும். அம்மா விண்ணப்பம் நிரப்பியபோது குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. அந்த வெறுமை தரவுத்தளத்தில் நல் என்று பதிந்து கிடக்கும். ஜாவா போன்ற ஒரு மொழியில், பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி ஒரே வரியாக்கும்படி எழுதப்பட்ட நிரல், குடும்பப் பெயர் இருந்தே தீரும் என்று நம்பி ஒட்டிவிட்டால், அந்த மொழி எந்த முறைப்பாடும் செய்யாமல் ‘நல்’ என்ற சொல்லையே எழுத்துகளாக்கி ஒட்டிக் கொடுத்துவிடும். நிரல் நின்றுவிட்டாலாவது யாராவது கவனித்திருப்பார்கள். நிற்காமல் ஓடி, அச்சாகி, முத்திரை குத்தப்பட்டு, நுவரெலியா மாவட்டத்தின் ஒரு ஜன்னல் திண்டுவரை வந்து சேர்ந்ததுதான் இதில் வேதனை.

இந்த நல்லைக் கணினி மொழிக்குள் கொண்டுவந்தவர் பிரித்தானியக் கணினி அறிஞர் டோனி ஹோர். 1965 ஆம் ஆண்டில் அல்கோல் டபிள்யூ என்ற மொழியை வடிவமைக்கையில், செய்வதற்கு மிக எளிதாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் அதைச் சேர்த்துவிட்டதாக 2009 இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அவரே ஒப்புக்கொண்டு, அதைத் தமது நூறு கோடி டொலர் தவறு என்று வருணித்தார். அவருக்குப் பின் வந்த சி, ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகள் யாவும் அதைச் சுவீகரித்துக்கொண்டன. ஜாவா நிரலாளர் எவரும் ‘நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன்’ என்ற சொற்றொடரைக் காணாமல் முதல் மாதத்தைக் கடந்திருக்கமாட்டார். இல்லாத ஒன்றிடம் போய் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் நிரல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு விழும். எந்த மாறி வெறுமையாக இருந்ததால் விழுந்தது என்பதை அந்தப் பிழைச் செய்தியே விளக்கமாகச் சொல்லத் தொடங்கியது 2020 இல் வெளிவந்த ஜாவா 14 இலிருந்துதான். அதுவரை வரி எண்ணை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது.

பின்னர் வந்த மொழிகள் புத்தியோடு நடந்துகொண்டன. 2014 இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட்டும், 2016 இல் முதற்பதிப்புக் கண்ட கோட்லினும், ‘இது கட்டாயம் இருக்கும்’, ‘இது இல்லாமலும் போகலாம்’ என்ற இரண்டையும் தனித்தனி வகைகளாகவே பிரித்து, இல்லாமற்போகக்கூடியதை ஒரு கேள்விக்குறியால் அடையாளப்படுத்தின. கேள்விக்குறி உள்ள ஒன்றைச் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தினால், நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் தொகுப்பான் அதை ஏற்றுக்கொள்ளாது. சி ஷார்ப் மொழியும் 2019 இல் தன் எட்டாம் பதிப்பில், எச்சரிக்கை அளவிலாவது, இதே வழிக்கு வந்தது. ஜாவாவோ பழைய பெருங்குடும்பம். கோடிக்கணக்கான வரிகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட நிலையில் மொழியையே மாற்றுவது எளிதன்று என்பதால், நிரலின் மேல் ஒட்டும் சிறு குறிப்புகளாக இந்த வேறுபாட்டை எழுதும் வழக்கம் அங்கு வளர்ந்தது. அனோட்டேஷன் என்று நிரலாளர்கள் சொல்வதை இங்கு குறிப்பு என்றே எழுதுகிறேன்.

இந்தக் குறிப்பு நிரலின் ஓட்டத்தை எந்த விதத்திலும் மாற்றாது. மெதட் ஒன்றின், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டின், தலைப்பில் ‘நலபிள்’ என்று எழுதி வைத்தால், அந்த மெதட் விடையாக ஒன்றுமில்லாததையும் தரக்கூடும் என்று அதைப் பயன்படுத்துவோருக்கு அறிவிப்பதாகப் பொருள். மனிதர்கள் அதை வாசிப்பார்கள். அதைவிட முக்கியமாக, நிரலைச் சோதிக்கும் கருவிகள் அதை வாசித்து, சோதனை செய்யாமல் அந்த விடையைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கும். ஊபர் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட ‘நல்அவே’ அப்படியொரு கருவி. குறிப்பு எழுதப்படாத நூலகத்தைப் பற்றி இக்கருவிகளால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. கோட்லின் மொழியிலிருந்து அத்தகைய ஜாவா நூலகத்தை அழைத்தால், அதன் விடைகளுக்குப் பின்னால் ஒரு வியப்புக்குறி தோன்றும்; இருக்குமோ இருக்காதோ, உன் பாடு என்று மொழியே கைவிரித்துவிட்டதன் அடையாளம் அது.

எங்கள் வேலைக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த ஒரு தம்பியும் ஒரு தங்கையும் நிரலாக்கம் கற்பதற்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். மொழியின் இலக்கணம் பிடிபட்டுவிட்டது. உண்மையான நிரல் ஒன்றில் கைவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அட்டவணைக் கோப்புகளை வாசித்துத் தரும் ஒரு ஜாவா நூலகத்தை நான் என் தொழிலில் பயன்படுத்தி வந்தேன். நூலகம் என்றதும் புத்தக அலமாரி நினைவுக்கு வரலாம். இங்கே அது, ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதிக்கொண்டிராமல் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி யாரோ எழுதி வைத்த நிரல் தொகுதி. அந்த நூலகத்தில் வெளியாட்கள் அழைக்கக்கூடிய மெதட்டுகள் இருநூற்றுக்குச் சற்று மேல் இருந்தன. ஒன்றில்கூட இன்மைக் குறிப்பு இல்லை. அம்மாவின் கடிதம் நினைவில் இருந்த சூட்டோடு, அந்தக் குறிப்புகளை நாங்கள் எழுதித் தருகிறோம் என்று அதன் பராமரிப்பாளர்களுக்கு எழுதினேன்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எந்தக் குறிப்பு என்பதுதான். வெளியாருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஜாவா உலகில் ‘நலபிள்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் தத்தமக்கென உருவாக்கிய குறிப்புகள் பல உண்டு. ஒன்றன் பொருள் மற்றொன்றிலிருந்து நுணுக்கமாக வேறுபடும். 2006 இல் தொடங்கிய ஜே.எஸ்.ஆர். 305 என்ற பொதுத்தர முயற்சி முடிவடையாமலேயே உறங்கிப்போனது. முடியாத அந்தத் தரத்தின் குறிப்புகளைப் பலர் எடுத்துப் பயன்படுத்திவிட்டதால், ஜாவா 9 இல் நிரலைக் கூறுகளாகப் பிரிக்கும் அமைப்பு வந்தபோது, அக்குறிப்புகள் இருந்த பொதியின் பெயர் ஜாவாவின் சொந்தப் பொதி ஒன்றின் பெயரோடு மோதியதால் சிக்கல்களும் எழுந்தன. இறுதியில் கூகிள், ஜெட்பிரெயின்ஸ், ஊபர் முதலிய போட்டி நிறுவனங்களே ஒன்றுகூடி ‘ஜேஸ்பெசிஃபை’ என்ற பெயரில் பொதுவான குறிப்புகளை வரையறுத்து, 2024 ஜூலையில் முதற்பதிப்பை வெளியிட்டன. அதில் உள்ளவை நான்கே நான்கு குறிப்புகள். நான்கு குறிப்புகளுக்குப் பொருள் ஒத்துக்கொள்ள இத்தனை காலம் எடுத்திருக்கிறதே என்று தம்பி சிரித்தான். வேலையைத் தொடங்கிய இரண்டாம் வாரம் அவன் சிரிக்கவில்லை.

அந்த நான்கில் மிகப் பயனுள்ளது ‘நல்மார்க்ட்’. தொடர்புடைய நிரல் கோப்புகளின் தொகுப்பான ஒரு பொதியின் தலைப்பில் அதை எழுதிவிட்டால், அப்பொதியினுள் வேறு குறிப்பு இல்லாத அனைத்தும் கட்டாயம் மதிப்புடையவை என்று கொள்ளப்படும். விதிவிலக்கானவற்றுக்கு மட்டும் ‘நலபிள்’ என்று எழுதினால் போதும். இருநூறு மெதட்டுகளிலும் இருநூறு குறிப்புகளை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதனாலேயே ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. நாம் ஒன்றும் எழுதாமல் விட்ட இடமும் ‘இது எப்போதும் இருக்கும்’ என்ற வாக்குறுதியாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மெதட்டையும் திறந்து, அது அழைக்கும் மெதட்டையும் திறந்து, எங்கேயாவது ஒரு கிளையில் வெறுமை திரும்புகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டு வாசற்படியில் மட்டுந்தான் கைப்பேசிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே கைப்பேசியை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி வைத்து, அதன் டேட்டாவில் நூலகத்தையும் அதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு இணையம் அதிகம் தேவைப்படவில்லை. மழைக்கு மின்சாரம் போன மாலைகளில், பற்றரி தீரும்வரை மடிக்கணினியிலும், தீர்ந்த பிறகு கொப்பியில் எழுதி வைத்த மெதட் பட்டியலைப் பார்த்துப் பேசியும் வேலை நடந்தது. இது வாசிக்கும் வேலை. வேகமான கணினி கேட்கும் வேலை அன்று. பழைய மடிக்கணினி வைத்திருக்கும் நமது பிள்ளைகளுக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று பேரும் மணிக்கணக்கில் வாதாடிய ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு வரிசையின் ஒரு கட்டத்தில் உள்ள மதிப்பைத் தரும் மெதட் அது. கோப்பில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் நீளம் பூச்சியமான ஒரு சொல்லைத் தருகிறது. ஆனால் அந்த வரிசையில் தலைப்பு வரிசையைவிடக் கட்டங்களே குறைவாக இருந்தால் நல் என்று தருகிறது. விளக்கக் குறிப்பிலோ ‘எப்போதும் ஒரு சொல்லைத் தரும்’ என்று எழுதியிருந்தது. இதற்கு இணையாக எண்களைத் தரும் மற்றொரு மெதட், இரண்டு சந்தர்ப்பங்களிலும் பூச்சியத்தைத் தந்துகொண்டிருந்தது. தங்கை, விளக்கக் குறிப்பில் சொல்லியிருப்பதே நூலகத்தின் வாக்கு, ஆகவே நல் தருவதை மாற்றி வெறுஞ்சொல் தரும்படி செய்துவிடலாம் என்றாள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் நாள்வரவும் கொழுந்து எடையும் பதியும் பதிவேட்டைச் செக்ரோல் என்பார்கள். “அக்கா, செக்ரோல்ல அம்மா வேலைக்குப் போகலேன்னா கட்டம் வெறுமையா இருக்கும். போயி, கொழுந்து எடுக்காம புல்லு வெட்ட அனுப்பியிருந்தாலும் கொழுந்துக் கட்டம் வெறுமையாத்தான் இருக்கும். எழுத மறந்தாலும் வெறுமைதான். எல்லாத்துக்கும் சைபர்னு போட்டுட்டா, நாள் முழுக்க நின்னு ஒரு கிலோகூட எடுக்கலைன்னு ஆயிடாதா?” என்று கேட்டான். நான் பல்கலைக்கழகத்தில் படித்த தரவுத்தளப் பாடத்தில் ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை அவன் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டான். பூச்சியம் என்பது நிறுத்துப் பார்த்துக் கண்ட விடை. வெறுமை என்பது நிறுக்கவே இல்லை என்ற செய்தி. இரண்டையும் ஒன்றாக்கும் நூலகம், தன்னைப் பயன்படுத்தும் சம்பளக் கணக்கு நிரலுக்குத் தெரியாமலேயே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பொய் மாதக் கடைசியில் யாருடைய சம்பளத் துண்டில் போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே சொற்களைத் தரும் மெதட்டுக்கு ‘நலபிள்’ என்று குறித்து, விளக்கக் குறிப்பைத் திருத்தி அனுப்பினோம். பராமரிப்பாளர் ஒருவர் உடனே ஆட்சேபித்தார். நூலகத்தைக் கோட்லினிலிருந்து பயன்படுத்துவோர் பலர்; கோட்லின் 2.1 பதிப்பிலிருந்து ஜேஸ்பெசிஃபை குறிப்புகளை மீறுவது எச்சரிக்கையாக அல்லாமல் பிழையாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே இந்த ஒரு குறிப்பால், நேற்றுவரை தொகுக்கப்பட்ட அவர்களின் நிரல் நாளை தொகுக்கப்படாது போகும் என்றார். நியாயமான ஆட்சேபம். ஆனால் தொகுக்கப்படாமற்போகும் அந்த நிரல்கள் ஏற்கெனவே தவறானவை. குறுகிய வரிசை ஒன்று வரும் நாளில் அவை விழத்தான் போகின்றன. அந்த விழுகையை, வாடிக்கையாளர் முன்னிலையில் நிகழாமல் நிரலாளரின் மேசையிலேயே நிகழச் செய்வதுதான் குறிப்பின் பயன் என்று பதில் எழுதினோம். மூன்று வாரங்கள் பேச்சு நீண்டது. கடைசியில், சிறுதிருத்தப் பதிப்பில் இதைச் சேர்க்காமல் அடுத்த பெரும்பதிப்பில் சேர்ப்பது என்றும், எண்களைத் தரும் பழைய மெதட்டை அப்படியே விட்டு, இல்லாமையைத் தெரிவிக்கக்கூடிய புதிய மெதட் ஒன்றை அருகே எழுதுவது என்றும் முடிவானது. எங்களுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் பிறருடைய நூலகத்தில் இறுதிச் சொல் பராமரிப்பவருடையது என்பதைப் பிள்ளைகள் இதில் கற்றுக்கொண்டார்கள்.

இன்னோர் இடத்தில் தவறு எங்களுடையதாக இருந்தது. ஒரு பட்டியலைத் தரும் மெதட்டில், பட்டியலே இல்லாமற்போகலாம் என்பதற்கும், பட்டியல் இருக்கும் ஆனால் அதனுள் உள்ள சில இடங்கள் வெறுமையாக இருக்கலாம் என்பதற்கும் குறிப்பை வெவ்வேறு இடங்களில் எழுத வேண்டும். தங்கை முன்னதற்கான இடத்தில் எழுதிவிட்டாள். நானும் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அதன் விளைவாக, பயன்படுத்துவோர் தேவையே இல்லாத சோதனை ஒன்றை எழுதிக்கொண்டு, தேவையான சோதனையை எழுதாமல் விட்டிருப்பார்கள். சோதனைக் கருவி காட்டிக்கொடுத்ததால் தப்பினோம். குறிப்பே இல்லாத நூலகத்தை எச்சரிக்கையோடு பயன்படுத்துவோர், தவறான குறிப்புள்ள நூலகத்தை நம்பிப் பயன்படுத்துவார்கள் என்பதால், பொய்க்குறிப்பு குறிப்பின்மையைவிடக் கெடுதியானது. அன்றிலிருந்து ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புவதென்று வைத்துக்கொண்டோம்.

இக்குறிப்புகளால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் எழுதினால் அதுவும் பொய்க்குறிப்பாகிவிடும். நிரலுக்கு வெளியிலிருந்து வரும் தரவுக்கு இந்தக் குறிப்புகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இணையச் சேவைகள் தரவு பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் என்ற வடிவில் வரும் தரவைப் பொருளாக மாற்றித் தரும் ‘ஜிசன்’ போன்ற நூலகம், கோட்லினில் ‘கட்டாயம் இருக்கும்’ என்று எழுதப்பட்ட இடத்திலும் சத்தமில்லாமல் நல்லை வைத்துவிட்டுப் போய்விடும். தரவு நுழையும் வாசலில் சோதனை இருந்தே ஆக வேண்டும். அதேபோல், ‘நலபிள்’ என்ற குறிப்பு ஒன்று இல்லாமற்போகலாம் என்று மட்டுமே சொல்லும். ஏன் இல்லை என்று சொல்லாது. தம்பி கேட்ட மூன்று வெறுமைகளையும் பிரித்தறிய வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு வகையை வடிவமைக்க வேண்டும்.

இதை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். அரச, தனியார் நிறுவனங்களின் விண்ணப்பங்கள் யாவும் இப்போது கணினி வழியே போகின்றன. அவற்றில் எந்தக் கட்டம் கட்டாயம், எந்தக் கட்டம் வெறுமையாக விடத்தக்கது என்று தீர்மானிப்பவர் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு நிரலாளர். அவருக்குக் குடும்பப் பெயர் இருக்கும், வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இருக்கும்; ஆகவே எல்லோருக்கும் இருக்கும் என்று எழுதிவிடுகிறார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் குடியுரிமை என்ற கட்டமே பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்த சமூகம் நம்முடையது. குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகும், பழைய தலைமுறையினர் பலரிடம் எல்லாப் பத்திரங்களும் ஒழுங்காக இருப்பதில்லை. ‘இல்லை’ என்று எழுத இடம் தராத படிவம் இல்லாததை இருப்பதாக்கிவிடாது. அது வேறொன்றைச் செய்கிறது. நிரப்புபவரைப் பொய் எழுத வைக்கிறது. பிறந்த திகதி தெரியாத முதியவர்களுக்கு ஜனவரி 1 என்று போடுவதையும், வீதிப் பெயர் கேட்கும் கட்டத்தில் தோட்டத்தின் பெயரையே மூன்று முறை எழுதுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; என் கையாலேயே எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, மென்பொருள் எழுதும் நமது இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் திறந்த மூல நூலகம் ஒன்றைத் தேர்ந்து, அதில் இன்மைக் குறிப்புகள் இல்லையென்றால், பராமரிப்பாளரிடம் முதலில் கேட்டுவிட்டு, ஒரு சிறு பொதியில் தொடங்குங்கள். அனுமதி கேட்காமல் ஆயிரம் வரி மாற்றத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது உதவியாகாது. பாடசாலைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர் எழுதும் முதல் நிரலிலேயே நமது பெயர்களையும் நமது முகவரிகளையும் கொடுத்துச் சோதிக்கச் செய்தால் நன்று. பயிற்சிப் புத்தகத்தில் வரும் ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் அந்த நிரல் ஒருநாளும் விழாது. நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: குடும்பப் பெயர் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே பதிந்துகொள்ளும் வசதியைச் செய்யுங்கள்.

எங்கள் மாற்றங்கள் நூலகத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. தம்பிக்கும் தங்கைக்கும் அதில் ஊதியம் ஏதும் இல்லை; ஆனால் தங்கை சென்ற மாதம் நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போனபோது, அந்தப் பெரும்பதிப்பின் மாற்றக் குறிப்பில் இருந்த தன் பங்களிப்பைக் காட்டி அரை மணிநேரம் பேசிவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை.

அம்மாவின் பெயரைத் திருத்தும்படி அந்த நிதி நிறுவனத்துக்கும் எழுதினேன். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்பதால் அதில் ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டிச் சரிசெய்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அடுத்த கடிதம் அம்மாவின் பெயரும், ஓர் இடைவெளியும், ஒரு புள்ளியுமாக வந்தது. கிளாக்கர் ஐயா அதை அன்றைக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஹட்டன்.